முட்டுக் கொடுக்காத சுவர்

அருளப்பு இளைய மகனின் சேட்டுக் கொலரைக் கொத்தாகப் பிடித்திழுத்து, சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே முகத்தில் அறைந்தார். நிரோஜன் கையை உயர்த்தவில்லை. அடுத்த அடியில் உதடு பிளந்தது. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ஜெயரூபினி மட்டும் நிமிரவில்லை. கணவன் றொனால்டின் தலையை முல்லைத்தீவு ஆசுப்பத்திரியில் காதுவரை துணியால் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.

முந்தாநாள் அவள் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கலியாணம் நிச்சயமான நிரோஜன், தன் பாதி வீட்டிலிருந்து குசினிக்குப் போக நடுச்சுவரில் ஒரு வாசல் கேட்டு அண்ணனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். றொனால்ட் மறுக்கவில்லை. சுவர் கூரையைத் தாங்குகிறதா என்று தெரியாமல் இடிக்கவேண்டாம் என்றுதான் சொன்னான்.

"சீலிங்கைக் கழட்டிப் பாப்பம். கூரை வளைமரம் இந்தச் சுவரிலை இருந்தால் முட்டுக் குடுத்துப்போட்டுத்தான் கைவைக்கலாம்."

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டு. என்னை இஞ்சை இருக்க விடமாட்டாய், அதுதான் கதை."

நிரோஜன் சம்மட்டியை எடுத்து வெறிபிடித்தவன்போல அடித்தான். கற்கள் சன்னல்வரை தெறித்தன. சுவர் வயிறு தள்ளியது. அதன்மேல் கிடந்த வளை முறிந்து, ஓடுகளோடு நடுக்கூரை இறங்கியது. பாய்ந்துபோன றொனால்டுக்குத் தம்பியைத் தள்ளிவிட மட்டுமே நேரம் இருந்தது. ஜெயரூபினி நகம் பிய்யப் பிய்யக் கல்லைக் கிளறினாள். முதலில் அகப்பட்டது ஒரு செருப்பு.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து அவள் திரும்பியபோது, இடிந்த பகுதிக்குள் நிரோஜன் தனியே ஒரு பனங்குற்றியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவள் உடைந்த சுவர்க்கல் ஒன்றை எடுத்து எறிந்தாள். தோளில் பட்டது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு கிட்டப்போய் தலையில் அடித்தாள். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் குற்றியை விடவில்லை.

"அண்ணி, கூரை மற்றப் பக்கமும் இறங்குது. அறைக்குள்ளை பிள்ளையைப் படுக்கவிட்டிருக்கினம். தூக்கிக்கொண்டு போங்கோ. பிறகு வந்து அடியுங்கோ."

மகள் கம்சாவை வாரியெடுத்து முற்றத்தில் நின்ற மாமனாரிடம் கொடுத்துவிட்டு, அவள் அதே கல்லோடு திரும்பி வந்தாள். நிரோஜன் இரண்டு கைகளாலும் குற்றியை அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் அவன் காலடியில் குந்தினாள். குற்றிக்கு அடியில், பக்கத்தில் கிடந்த மர ஆப்பைச் செருகி, கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஓட்டுத்தூசி இருவர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது.