நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

உதயகலா அழாமல் கதைத்ததுதான் செந்தூரனுக்குக் கடினமாக இருந்தது. பத்மாசினி அக்கா போனைச் சத்தமாகப் போட்டு மேசை நடுவில் வைத்திருந்தாள்.

"அப்பான்ரை செத்தவீட்டு நேரம் மாத்தினதைக் காலமையே சொல்லிப்போட்டம். சுடலைக்குள்ளை வெள்ளம் ஏறுது. நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணி சரிவராது, காலமை ஒன்பதுக்கு எடுக்கிறம். உங்கடை வெப்சைட்டிலை இன்னும் மூண்டு மணி எண்டுதான் கிடக்கு."

"நான் அப்பவே மாத்தினனான் பிள்ளை," என்றாள் பத்மாசினி.

"மற்ற ஆக்களுக்குப் போனிலை சொல்லலாம். சித்தப்பாவுக்குத்தான் ஏலாது. அப்பாவோடை கனகாலமாக் கதைபேச்சு இல்லை. திருகோணமலையிலை இருக்கிறார். வீடும் தெரியாது, நம்பரும் தெரியாது. ஊர்ச் செத்தவீடுகளை உங்கடை பக்கத்திலைதான் பாக்கிறவராம். மூண்டு மணியை நம்பி வந்தால் சாம்பலைத்தான் பாப்பார். அதோடை அப்பாவுக்கு ஒருத்தரும் ஒரு வரிகூட எழுதேல்லை. எத்தினை பேருக்குப் படிப்பிச்ச மனுசன்."

போனை வைத்ததும் பத்மாசினி அவனைப் பார்த்தாள். "செத்த மனுசனே நேரத்துக்கு வெளிக்கிடுது. எங்கடை வெப்சைட்தான் பிந்துது. என்னெண்டு பாரடா தம்பி."

திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்து மாடியறையில், மரண அறிவித்தல்கள் போடும் இணையத்தளம் அது. நெல்லியடியில் ஒருவர் கண்மூடினால் ரொறன்ரோவில் இருப்பவர் வேலைக்குப் போகும் ரயிலிலேயே பிறந்த ஊர், வதிவிடம், மருமக்கள் பெயர்வரை வாசித்துவிடுவார். வாசித்தவர்கள் கீழே அஞ்சலி எழுதுவார்கள். அதை நடத்துகிறவள் பத்மாசினி, தளத்தைக் கட்டியவன் செந்தூரன். வாசலில் நிற்பது வெப் சேர்வர். பக்கத்தைக் கேட்டு வந்தாலும் அஞ்சலி எழுதி அனுப்பினாலும் அதை முதலில் வாங்குவது அதுதான். பதில் தெரிந்தது உள்ளே இருக்கும் அப்ளிகேசன் சேர்வருக்கு. இரண்டுக்கும் நடுவில் அவன் தன் கையால் எழுதிய ஹான்ட்லர் ஒன்று இருந்தது. வருவதில் எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே பதில் சொல்லித் திருப்புவது என்று அதுதான் பிரிக்கும்.

உள்ளே பார்த்தான். உதயகலாவின் அப்பா கனகசபாபதி மாஸ்ரரின் அறிவித்தலில் ஒன்பது மணி என்று சரியாக இருந்தது. வெளியே மூன்று மணி. அப்படியென்றால் பிழை நடுவில். பக்க இலக்கத்தைப் பார்த்தான்: 4120. கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

போன மாரியில் அவன் மனைவி நிவேதனா டெங்குக் காய்ச்சலில் இறந்தபோது அவளுடைய அறிவித்தல் 412ஆம் பக்கமாக ஏறியது. தொடர்புக்கு அவனுடைய இலக்கம். ஒவ்வொரு அஞ்சலிக்கும் போன் ஒருதரம் அதிர்ந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவன் அலுவலகத்துக்கு வந்து ஹான்ட்லரில் ஒரு விதி எழுதினான். 412ஐக் கேட்டு வந்தால் உள்ளே விடாதே, முதல்தரம் கேட்டபோது எடுத்து வைத்த நகலையே காட்டு. அஞ்சலி எழுதினால், 'கிடைத்தது, நன்றி' என்று சொல்லி அனுப்பு. எழுதியவை எங்கும் போய்ச் சேரவில்லை. அவனும் அந்த வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தான். சாப்பிட்டியோ என்று கேட்டால் ஓம். நித்திரை கொண்டனியோ, ஓம். கேட்டவர்கள் நிம்மதியாகப் போனார்கள்.

அன்று அவசரத்தில் எண் எங்கே முடிகிறது என்ற அடையாளத்தைப் போடாமல் விட்டிருக்கிறான். 412 என்று தொடங்கும் எதுவும் அந்த விதிக்குள் விழும், அதனதன் முதல் நகலே வெளியே நிற்கும். அப்போது தளத்தில் ஐந்நூறு பக்கங்கள்கூட இல்லை. இன்று காலை 4120 ஏறியது. மாஸ்ரர் நிவேதனாவுக்குப் பூட்டிய கதவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டார்.

அடையாளத்தைப் போட்டான். பக்கத்தைத் திரும்பத் திறந்தான். ஒன்பது மணி.

"என்னடா பிழை?"

"என்ரை பிழை அக்கா."

 உதயகலாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். பிறகு இருவரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலிகள் ஒவ்வொன்றாக வந்தன. கணக்குப் படித்தவர்கள், அடி வாங்கியவர்கள், அடி வாங்கியதற்கு நன்றி சொன்னவர்கள். திருகோணமலையிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. வெளியே மழை திரும்பத் தூற ஆரம்பித்து, பலத்தது. பத்மாசினி தேத்தண்ணி போட்டாள். அது ஆறியும்விட்டது.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் குடைகளோடு வீதியில் போகிற நேரத்தில் அது வந்தது. "அண்ணை, இரவு பஸ்ஸிலை வாறன். நான் வாறவரைக்கும் எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. தம்பிராசா, திருகோணமலை."

பத்மாசினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மாஸ்ரர் உயிரோடை இருக்கேக்கை வாய் திறக்காத மனுசன். ஆருக்கடா எழுதியிருக்கிறார், பார்."

"அண்ணைக்கு."

"பின்னை? உவையெல்லாம் எங்களுக்கோ எழுதுகினம்?"

செந்தூரன் கதிரையைத் திரைப்பக்கம் இழுத்தான். ஹான்ட்லரைத் திரும்பத் திறந்தான். விதி இப்போது சரியாக இருந்தது. ஒருவரையும் இடைஞ்சல் செய்யாமல் நிவேதனாவை மட்டும் பூட்டி வைத்திருந்தது. கன நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வரி வரியாக அழித்தான்.

எதையும் மாற்றினால் ஒருதரம் அனுப்பிப் பார்க்கவேண்டும். வழக்கமாக அவன் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டுவான், அல்லது 'சோதனை' என்று எழுதுவான். 412ஆம் பக்கத்தைத் திறந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் என்ற கட்டத்தில் பெயரை எழுதினான். ஊரை எழுதினான். உறவு என்ற கட்டத்தில் கணவர். அதற்குக் கீழே வெறுமை. அங்கே 'சோதனை' என்று எழுத முடியவில்லை.

"நிவே," என்று எழுதினான். பிறகு, "மழை துடங்கீட்டுது. கிணத்திலை தண்ணி கையாலை அள்ளலாம் போலை கிடக்கு."

அனுப்பினான். சிறிய வட்டம் சுற்றியது. மின்சாரம் ஒருதரம் மங்கி, பழையபடி வந்தது. வட்டம் நின்றபோது அவன் எழுதியது அவளுடைய படத்துக்குக் கீழே இருந்தது. அதற்குப் பக்கத்தில், சாம்பல்நிறச் சின்ன எழுத்தில்: சற்றுமுன்.