இரண்டாவது பகுதி சுலபமாக வந்தால்

உப்பு டப்பாவை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, அதற்கு அப்பால் மூன்று கிண்ணங்களைத் தம்பி வரிசையாகக் கவிழ்த்தான். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தக் கிண்ணங்கள் வேண்டியிருந்தன. ஆனால் அவன் ஒன்றை விளக்க ஆரம்பித்துவிட்டால் குறுக்கே கை நீட்டிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இந்த உப்பு டப்பா முதல் பகுதி. எழுதற எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதை முடிச்சதும் மிஷின் உன்னை எடை போடும். நல்லா பண்ணியிருந்தா ரெண்டாவது பகுதியா இந்தக் கிண்ணம் வரும். சுமாரா பண்ணியிருந்தா இது. சொதப்பியிருந்தா, இந்தக் கடைசிக் கிண்ணம்."

"அடியில என்னடா இருக்கு?"

"கேள்விதான். இதுல கஷ்டமான கேள்வி, இதுல நடுத்தரம், இதுல சுலபம்."

"நல்லா பண்ணினவளுக்குக் கஷ்டமான கேள்வியா? நல்ல நியாயம்டா, வாத்தியாரே."

"அங்கதான்க்கா விஷயமே இருக்கு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அந்தத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையத்தில் அவனுக்கு வேலை. மாதிரிக் கேள்விகள் எழுதுவான். சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, அடி வாங்கியபடியே அது எப்படி ஓடுகிறது என்று அம்மாவுக்கு விளக்கியவன். "ஒருத்தன் எவ்வளவு உயரம் தாண்டுவான்னு எப்படிக் கண்டுபிடிப்ப? முட்டி உயரத்துக்குக் கயிறு கட்டினா எல்லாரும்தான் தாண்டுவாங்க. தாண்டத் தாண்ட ஏத்திக்கிட்டே போகணும். சுலபமான பகுதி வந்தவன் அதுல எல்லாத்தையும் சரியா எழுதினாலும் ஒரு அளவுக்கு மேல மார்க் ஏறாது. அதனால ரெண்டாவது பகுதி கஷ்டமா வந்தா மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுக்கோ."

"சுலபமா வந்தா?"

"வராது. நான் எதுக்கு இருக்கேன்?"

அவளுக்கு இது உடனே புரிந்தது. இவ்வளவு விளக்கம் தேவையே இல்லை. அவள் வேலையே அதுதான்.

காது மருத்துவர் ஒருவரிடம், கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் அவள் இருந்தாள். வெளிச் சத்தம் துளியும் புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்துவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயந்திரத்தின் முன் அவள். ஒரு ஒலியை அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் பக்கம் ஒரு சிறு விளக்கு எரியும். எரிந்தால் குமிழைத் திருப்பி, அடுத்த ஒலியை இரண்டு படி இறக்கி அனுப்புவாள். எரியாவிட்டால் ஒரு படி ஏற்றுவாள். இரண்டு இறக்கம், ஒரு ஏற்றம் என்று இப்படியே இறங்கி, கேட்பதும் கேட்காததும் சந்திக்கும் விளிம்புக்கு வந்து சேர்வாள். அங்கே, கிராஃப் தாளில், ஒரு புள்ளி வைப்பாள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், நல்ல காது உள்ளவர் அந்த அறையில் பெரும்பாலான நேரம் எதுவுமே கேட்காதது போலத்தான் உட்கார்ந்திருப்பார். சரியாகச் சொல்லச் சொல்ல ஒலி தேய்ந்துகொண்டே போகும். வெளியே வந்து, "ஒண்ணும் சரியாக் கேக்கலைம்மா" என்று கவலைப்படுவார். காது போனவரோ, "எல்லாம் கணீர்னு கேட்டுச்சே!" என்று சிரித்துக்கொண்டு வருவார். அப்படிச் சிரிப்பவர்களுக்கென்று அவளிடம் ஒரு முகம் இருந்தது. தலையை லேசாகச் சாய்த்து, உதடு பிரியாமல் புன்னகைத்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அதை அவள் கண்ணாடி முன் நின்று பழகவில்லை. தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவளை இந்தத் தேர்வுக்குத் தள்ளியது ஒரு தபால்காரர். காதில் குறை ஒன்றும் இல்லை, மனைவிதான் வற்புறுத்தி அனுப்பினாள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். உண்மையிலேயே குறை இல்லை. இரண்டு காதுக்கும் புள்ளி வைத்து முடித்து, அவள் பேனாவை மூடியபோது விளக்கு எரிந்தது. அவள் எதையும் அனுப்பியிருக்கவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி எரிந்தது. கையை இயந்திரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எரிந்தது. ஹெட்ஃபோனின் கம்பியை இயந்திரத்திலிருந்தே உருவினாள். கண்ணாடிக்கு அப்பால் தபால்காரர் கண்களை மூடி, ஏதோ தூரத்துக் குரலைக் கேட்பவர் போலப் புருவத்தைச் சுருக்கினார். கட்டை விரல் இறங்கியது. விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்து, "ஐயா, இப்ப என்ன கேக்குது?" என்றாள்.

"நீங்க அனுப்பறதுதாம்மா. ரொம்ப மெல்லிசா ஆயிடுச்சு. ஆனா நான் விடலை பாருங்க." அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் எதுவும் அனுப்பலையே."

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்ப இது யாரு? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா குறையுதேம்மா."

காதில் இரைச்சல் என்று சொல்லி மருத்துவர் முடித்துவிட்டார். இரைச்சல் அவளுக்குத் தெரியாததல்ல. முழு அமைதியில் உட்காரவைத்தால் எந்தக் காதும் தானாக ஒரு ரீங்காரத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அது விடாமல் ஓடும். இப்படிக் கதவைத் தட்டுவது போல வந்து, நின்று, பதில் கிடைத்த பிறகு இன்னும் மெல்ல வராது. குறைகிறது என்றால் அவர் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். யாரிடம்?

கிராஃபைக் காட்டக் கூப்பிட்டபோது தபால்காரர் பார்க்க மறுத்துவிட்டார். "வேணாம்மா. பாத்துட்டா அப்புறம் தெரிஞ்சுடும்." கதவருகே நின்று, "ஆனா ஏன் எனக்கு மட்டும்னு நீங்க கண்டுபிடிச்சா, வந்து சொல்லுங்க" என்றார்.

அவளுக்குப் புள்ளி வைக்கத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லித் தரும் துறை ஒன்று கடல் தாண்டி இருந்தது. அங்கிருந்த பேராசிரியைக்கு எழுதினாள். நல்ல மதிப்பெண்ணோடு வா, இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் தேர்வை ஒட்டியே இருந்தது. ஒரு தடவை தவறினால் அந்த வருடம் போயிற்று.

தம்பி அவளைப் பிழிந்தெடுத்தான். பெரிய பெரிய சொற்களுக்குப் பயப்படாதே, கோடிட்ட இடத்தில் வர வேண்டிய சொல்லின் தடயம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், 'ஆனாலும்' என்று ஒன்று வந்தால் எழுதியவன் எதிர்ப்பக்கம் திரும்பப்போகிறான் என்று வைத்துக்கொள் என்பான். கணக்கில் ஒரு வகையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரியது என்று கேட்பார்கள். இது பெரியது, அது பெரியது, இரண்டும் சமம் என்று மூன்று விடைகள். நான்காவது: 'கொடுத்திருப்பதை வைத்துச் சொல்ல முடியாது.'

"இதைத் தேர்ந்தெடுக்கத்தான் எல்லாரும் பயப்படுவாங்க" என்றான். "தெரியலைன்னு ஒத்துக்கற மாதிரி இருக்குமாம். அது தப்பு. சொல்ல முடியாதுன்னு உறுதியாத் தெரியறதும் ஒரு விடைதான்."

அவன் எழுதிய கேள்விகள் ஒவ்வொன்றும் முரட்டுக் காளை.

"இது மனுஷன் எழுதின கேள்வியாடா?"

"நான் எழுதினதுக்கா."

"அதான் கேட்டேன்."

தேர்வு நெருங்கியபோதுதான் மற்றது ஆரம்பித்தது. எப்போதும் மேல்தளத்தில் சிக்கிக்கொள்ளும் லிஃப்ட், அவள் கதவைப் பூட்டித் திரும்பும்போதெல்லாம் விளக்கோடு திறந்து நின்றது. விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் மருத்துவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே, "எடுத்துக்கோம்மா" என்றார். பேருந்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. கடைக்காரர் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றின் மதிப்பையும் சொல்லி அவள் உள்ளங்கையில் வைத்தார். எல்லாரும் கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"எல்லாம் ரொம்ப சுலபமா நடக்குதுடா" என்றாள் தம்பியிடம்.

"நல்லதுதானே!"

"எங்கேயோ ஒண்ணு எனக்குக் கேக்காம போயிருக்கு. அதான் ஏத்தி அனுப்பறாங்க."

அவன் தலையை லேசாகச் சாய்த்து, உதடு பிரியாமல் புன்னகைத்தான்.

தேர்வு நிலையத்தில் உடையின் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, அதன் காம்புகளைத் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார்கள். கடிகாரமும் கைபேசியும் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் போயின. பிறகு மேற்பார்வையாளர் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். நடுவயதுக்காரி, மெத்தென்ற செருப்பு, சத்தமில்லாத நடை. தடுப்புகளுக்கு நடுவே ஒரு கணினி, எழுதிப் பார்க்க வெள்ளைத் தாள், பென்சில். பக்கத்தில் காதை மூடும் கவசம் ஒன்று கிடந்தது. அதற்குக் கம்பி கிடையாது. எதோடும் இணைக்கப்படாதது, மற்றவர்களின் தட்டச்சுச் சத்தம் தொந்தரவு செய்யாமலிருக்க மட்டும்.

"வேணும்னா மாட்டிக்கலாம்" என்றாள் அந்தப் பெண், நிறுத்தி நிறுத்தி. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கட்டுரை முடிந்தது. சொற்களின் முதல் பகுதியும் கணக்கின் முதல் பகுதியும் தம்பி சொன்னபடியே வந்தன. சிலவற்றில் தடுமாறினாள், குறித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்து முடித்தாள். திரை ஒரு கணம் வெறுமையாகி, இரண்டாவது பகுதிகள் வந்தன.

சுலபமாக இருந்தன.

முதலில் நம்பாமல் திரும்ப வாசித்தாள். பொறி இருக்கும் என்று தேடினாள். பொறி இல்லை. வாக்கியங்கள் அவள் கையைப் பிடித்துக் கோடிட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயின. கணக்குகள் தாங்களாகவே பிரிந்து விழுந்தன. ஒவ்வொரு விடையும் சரியாக அமைந்தது. தம்பியின் முரட்டுக் கேள்விகளைப் பார்த்துப் பழகியதால் கஷ்டமான பகுதியே சுலபமாகத் தெரிகிறதோ? அல்லது கடைசிக் கிண்ணம்தானா? உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அந்த அறையின் அமைப்பே அப்படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தாள். மேற்பார்வையாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. உதடு பிரியாத புன்னகை.

நேரம் இருந்தும் முடித்துவிட்டாள். கடைசித் திரை வந்தது. மதிப்பெண்ணைப் பார்த்து அனுப்புவதா, பார்க்காமலே ரத்து செய்வதா என்று கேட்டது. தம்பி இதையும் சொல்லியிருந்தான். "ரத்து பண்ணிட்டா யாருக்கும் தெரியாது. உனக்கே தெரியாது. ஆனா இந்த வருஷம் அவ்வளவுதான். மோசமா வந்ததை அனுப்பிட்டா, அது நேரா அந்தப் பேராசிரியம்மா மேசையில போய் உக்காந்துடும். அடுத்த வருஷமும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க." இரண்டே வட்டங்கள். நான்காவது விடைக்கு அங்கே இடமில்லை.

பாத்துட்டா அப்புறம் தெரிஞ்சுடும் என்ற தபால்காரரின் குரல் ஞாபகம் வந்தது. திரையிலிருந்த அம்பை, ரத்து செய்யும் வட்டத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். தட்டச்சுச் சத்தம் தாங்காமல், கவசத்தை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

உலகம் அணைந்தது. அந்த அமைதிக்குள், வெகு தூரத்தில், ஒரு ஒலி வந்தது.

தினமும் அவள் கையால் அனுப்பும் ஒலிதான் அது. வந்து, நின்று, காத்திருந்தது. மடியில் இருந்த இடது கையின் கட்டை விரல், அவளைக் கேட்காமலே ஆள்காட்டி விரலை அழுத்தியது. கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது, இன்னும் மெல்லியதாக. சரியாக இரண்டு படி. அந்த இறக்கத்தை அவளால் தவறாக மதிப்பிட முடியாது. அழுத்தினாள். மறுபடி வந்தது, கூந்தல் இழை விழும் அளவுக்கு. அவளுடைய இயந்திரத்தில் இவ்வளவு கீழே ஒரு எண்ணே கிடையாது. தபால்காரர் கண்களை மூடியது ஏன் என்று இப்போது தெரிந்தது. அவளும் மூடிக்கொண்டாள். தேய்கிறது என்றால் யாரும் அவளுக்காகக் குரலை உயர்த்தவில்லை. தேய்கிறது என்றால் அவள் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தேர்வு இன்னும் முடியவில்லை, கஷ்டமான பகுதி இப்போதுதான் நடக்கிறது.

கண்ணைத் திறந்து, அம்பை நகர்த்தி, அனுப்பும் வட்டத்தை அழுத்தினாள். உறுதிதானா என்று இன்னொரு முறை கேட்டது. உறுதி என்றாள்.

திரை வெள்ளையானது. எண்கள் இன்னும் வரவில்லை. அடுத்த ஒலியும் வரவில்லை. வரவில்லையா, வந்தும் அவளுக்குக் கேட்கவில்லையா? மூச்சை அடக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் புன்னகையை நிறுத்திவிட்டுக் குனிந்து, மேசையில் எதையோ விரல்களால் பிடித்து மெல்லத் திருப்பினாள். ஒரு படியா, இரண்டு படியா என்று இங்கிருந்து தெரியவில்லை.

வெள்ளைத் திரையின் வெளிச்சத்தில், அவள் கட்டை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.