அப்பாவின் கீழ்வரிசைப் பற்கள்

1

இந்தக் கதை என் அப்பாவின் கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் பிறந்தது. நாக்கு நுனி வந்து முட்டும் இடம். மனித வாயில் காரை அதிகம் படிகிற இடமும் அதுதான். அருவருப்பாக இருந்தால் இப்போதே போய்விடுங்கள். நான் மெருகு போடப் போவதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்த ஒரு காலையில்—'

[நிறுத்தினேன். ஆப்பிள் பூவை எழுதுகிறவர்கள் யாரும் ஆப்பிள் பெட்டி அடுக்கியதில்லை. என் அம்மா அடுக்குகிறாள். இந்தக் கோடை முழுக்க அவள் பக்கத்தில் நின்று நானும் அடுக்கினேன்.]

இரண்டாவது தொடக்கம்: 'என் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்.' உண்மைதான். ஆனால் அதைக் கம்யூனிட்டி காலேஜ் வாசல் தட்டியில் என் படத்தோடு ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். தட்டியில் போடாதது ஒன்று உண்டு. பல் சுத்தம் செய்யும் படிப்பில் எனக்குப் பட்டம் இருக்கிறது, உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் யார் பல்லையும் நான் தொட முடியாது. ஏன் இல்லை என்றால், அப்பா.

2

உரிமப் பரீட்சைக்கு நாமே ஒரு வாயைக் கூட்டிப்போக வேண்டும். உயிருள்ள வாய். அதிலும் நல்ல வாய் உதவாது. பல வருடம் சுத்தம் செய்யாமல், ஈறுக்கடியில் கல் போலக் காரை ஏறியிருக்க வேண்டும். பரீட்சை வைப்பவர் முதலில் மெல்லிய கம்பியால் தடவிப் பார்ப்பார். காரை போதாது என்றால் அந்த வாய் தள்ளுபடி. கூட்டிவந்தவளும் தள்ளுபடி.

அதனால் கடைசி வருடம் நாங்கள் யார் கண்ணையும் பார்த்துப் பேசவில்லை. பெட்ரோல் பங்க்கில், சலவைக் கடையில், தேவாலயத்தில் யாராவது கொட்டாவி விட்டால் எட்டிப் பார்ப்போம். கிடைத்த வாயைச் சுத்தம் செய்யவும் கூடாது. "பரீட்சை வரைக்கும் அப்படியே வச்சிருங்க" என்று கெஞ்ச வேண்டும். பல்லைக் காப்பாற்றப் படித்தவர்கள் காரையைக் காப்பாற்றினோம்.

கூடப் படித்த கென்ட்ராவுக்கு மட்டும் இந்தப் பிச்சை இல்லை. அவள் மாமா பல் மருத்துவர்.

"மாமா மூணு பேரைப் பிடிச்சு வச்சிருக்கார்டி, யாரெலி. ஒண்ணு தரட்டுமா?"

"உன் மிச்சம் எனக்கு வேணாம்."

"ரோஷத்தை வச்சு என்ன பண்ணுவ? வாய் வேணுமே."

"எங்கப்பா இருக்காரு."

(இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. அன்றைக்கும் யோசித்துச் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்புக்குப் பிறகு இந்த இரண்டு சொற்களை நான் சேர்த்துச் சொன்னதே கிடையாது.)

3

இந்த அப்பா பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர் எலியோதோரோ. ஒத்தெல்லோ ஊரில் உருளைக்கிழங்கு ஆலைக்கு ஒரு சீசன் வேலை என்று போனார். அங்கேயே தங்கிவிட்டார், இன்னொரு பெண்ணோடு. என் பிறந்தநாளுக்குப் போன் செய்வார், மழை பெய்ததா என்று கேட்பார். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். நல்ல எழுத்தாளர்கள் ஒரு பாத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் கொடுப்பார்கள். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த ஆளா? அவன் வாய்க்கு நீ கண்ணை மூடிட்டுப் பாஸ் பண்ணுவ" என்றாள். பிறகு, "வந்தான்னா."

போன் செய்தேன்.

"அப்பா, ஒரு உதவி."

"சொல்லு மகளே."

"உங்க வாய் வேணும்."

"வாயா?"

"பரீட்சைக்கு. கடைசியா எப்போ பல் சுத்தம் பண்ணீங்க?"

"அது இந்த நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, ஊர்ல... இல்ல, ஊர்லயும் பண்ணல." சிரித்தார். சிரிப்பு பாதியில் அமுங்கியது. கை வந்துவிட்டது என்று தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அப்படியே வாங்க, போதும்."

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இருட்டான ஒரு படம் வந்தது, அதன் நடுவில் கீழ்வரிசை. பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லுக்குப் பல் பாலம் போட்ட மஞ்சள் பாறை. அழுதேன். பாஸாகப் போகிற சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(எழுதாமல் தாண்டப் பார்த்தது இது. ஒரு வாயைச் சுத்தம் செய்ய அரைநாள் ஆகும். அரைநாள் என் முகம் அவர் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அவர் வாய் திறந்திருக்கும், அதற்குள் என் கை இருக்கும். எழுந்து போக முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு சாண் போதும்.)

4

அவர் வரவில்லை என்றுதான் முதல் பிரதியில் எழுதினேன். கோபம் சரளமாக வந்தது, பக்கங்கள் ஓடின. வராத அப்பாவை எழுதுவது சுலபம்.

ஆனால் வந்தார். எனக்கு முன்பே வந்து பரீட்சைக்கூட வாசலில் நின்றார். தேய்த்த சட்டை, துடைத்த பூட்ஸ், கையில் ஒரு பை இனிப்பு ரொட்டி. என்னைப் பார்த்ததும் சிரித்தார். கை மேலே வரவில்லை. பல் எல்லாம் தெரிந்தது. பளிச்சென்று.

"என்ன பண்ணீங்க?"

"நேத்து லீவு போட்டுட்டு கிளினிக் போனேன். முழுசாச் சுத்தம். உன் டீச்சருங்க, 'படிச்ச பொண்ணோட அப்பன் வாயைப் பாரு'ன்னு சொல்லிடக் கூடாதுல்ல?"

'அப்படியே வாங்க' என்று நான் சொன்னேன்தான். எங்கள் வீடுகளில் யாராவது அப்படிச் சொன்னால் குளித்து, சட்டை தேய்த்து, கையில் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போவோம். அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். எனக்கு அது தெரியாதா? கல்லூரியில் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் போல.

பரீட்சை வைத்த அம்மாள் கம்பியால் ஒரு சுற்றுத் தடவினார். "அருமையா வச்சிருக்கார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பார்த்து, உதவாது என்பது போலத் தலையாட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். கென்ட்ராவின் நாற்காலி.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. "என்ன சொன்னாங்க?"

"அருமையா இருக்காம்."

"பாத்தியா!"

அப்புறம் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்தார். "ம். ஆரம்பி மகளே."

[இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன். அதையும்.]

5

கார் நிறுத்துமிடத்தில் என்ன நடந்தது?

ஒரு பிரதியில் பதினாறு வருடக் கோபத்தையும் கொட்டிக் கத்துகிறேன். இன்னொன்றில் கட்டிப்பிடிக்கிறேன். இரண்டிலும் நான் நன்றாக நடிக்கிறேன், இரண்டும் பொய். நடந்தது இவ்வளவுதான்:

"ஃபெயில்ப்பா. அழுக்கா இருந்திருக்கணும்."

அவருக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் கை மெல்ல மேலே போய் வாயை மூடிக்கொண்டது. கைக்குப் பின்னாலிருந்து கேட்டார், "அடுத்தது எப்போ?"

"செப்டம்பர்."

"அதுவரைக்கும் பல்லே விளக்க மாட்டேன். சத்தியம்."

6

அடுத்த வாரம் பரீட்சை. ஆப்பிள் கிடங்குக்கு லாரி ஓட்டிவரும் ரஸ்ஸல் வருகிறேன் என்றிருக்கிறார். காலமெல்லாம் புகையிலை மென்ற வாய். கம்பி வைக்கவே வேண்டாம், வெளியிலிருந்தே தெரியும். "என் வாயைப் பாத்து ஒரு பொண்ணு சந்தோஷப்படுறது இதான் முதல் தடவை" என்றார்.

ஒரு கோடையில் பரீட்சைக்குப் போதுமான காரை ஏறாது. இது படித்த எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் மாலையில் போன் செய்கிறார். பிறந்தநாளுக்கு மட்டும் போன் செய்தவர்.

"ஏறுது மகளே. நாக்கால தடவிப் பாத்தேன்."

"அப்படியாப்பா?"

"சொரசொரன்னு இருக்கு. ஈறுல கொஞ்சம் ரத்தம் வருது. அது நல்லதுதானே?"

நான் "ம்" என்கிறேன். அவர் சிரிக்கிறார். பாதியில் அமுங்குகிறது.

உண்மையைச் சொன்னால் அவர் பல் விளக்குவார். ஈறு ஆறும். வாசலில் பார்த்த அந்தச் சிரிப்பு திரும்பி வரும். ஆனால் அதற்கப்புறம் எதற்காக எனக்குப் போன் செய்வார்? மழை பெய்ததா என்று கேட்கவா?

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். என்னிடம் இல்லை. இன்று ஞாயிறு. போன் அடிக்கிறது, திரையில் அவர் பெயர்.

நீங்கள் எடுங்கள்.

'பல் விளக்குங்கப்பா' என்று சொல்வதானால் சொல்லுங்கள். சொன்னதும் வைத்துவிட வேண்டாம். கொஞ்சம் காத்திருங்கள். அவர் சிரித்தாலும் சிரிப்பார். அப்போது கை வாய்க்குப் போனதா, இல்லையா என்று காது கொடுத்துக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.