கைகாட்டி மேலிருந்து கண்ட வால்வெள்ளி

ஆதிகேசவனுக்கு வானத்தில் ஒரு புது நட்சத்திரம் வேண்டியிருந்தது. ஒன்பது வருஷமாகத் தேடுகிறார்.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். ராத்திரி டூட்டி என்றால் மற்றவர்களுக்கு வேப்பங்காய். அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். வண்டி இல்லாத நேரத்தில் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய், பழைய ராணுவ பைனாகுலரை மேற்கே திருப்பிக்கொண்டு நிற்பார். நேற்று இல்லாத ஒரு நட்சத்திரம் இன்று திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கிறதா? அப்படி ஒன்றை முதலில் பார்த்தவன் பேர் உலகத்துக்கே தெரியும்.

"அண்ணாந்து அண்ணாந்து பாத்தா கழுத்துதான் நோவும்" என்பாள் மனைவி அஞ்சம்மாள்.

1957 ஜூலை 31, விடியற்காலை. வடக்கேயிருந்து வந்த கூட்ஸ் வண்டி கைகாட்டி சிக்னலுக்கு வெளியே நின்றுகொண்டு விசில் அடித்தது. கைகாட்டி விளக்கு ஏரிக் காற்றில் அணைந்துபோயிருந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டியவர் ஆதிகேசவன். அவரோ மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குக்காரர் துலுக்காணம்தான் தீப்பெட்டியோடு ஓடிக் கம்பத்தில் ஏறி விளக்கைக் கொளுத்தினார்.

வண்டி போனதும் ஆதிகேசவன் பதிவேட்டைத் திறந்தார். 'கூட்ஸ் வெளியே நின்றது 4.58 முதல் 5.10 வரை' என்று எழுதினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. 'தண்டவாளத்தில் மாடு' என்று எழுதி மூடிவிட்டார்.

துலுக்காணம் கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சார், இன்னா சார் அது? ஏரி மேல ஒரு நட்சத்திரம் கீது. வாலு மொளச்சிக்கினு நிக்குது."

"மேகமா இருக்கும்யா."

"மேகத்துக்குத் தல இருக்குமா சார்?"

ஆதிகேசவன் காதில் அது ஏறவில்லை. எழுதிய பொய் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் விடியற்காலை வானம் முழுக்க மேகம்.

ஒரு வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து வந்த பேப்பரில் சேதி இருந்தது. வெறுங்கண்ணுக்கே தெரிகிற புது வால்வெள்ளி ஒன்றை ஆகஸ்ட் இரண்டாம் தேதி விடியலில் ஐரோப்பாவில் ஒரு மலைமேலிருந்து ஒருவர் கண்டுபிடித்தாராம்.

ஆதிகேசவன் பதிவேட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். துலுக்காணம் பார்த்தது அதற்கு இரண்டு நாள் முன்னால்!

அன்றைக்கு நாஷ்டாவைத் தொடாமலே போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து, 'ஜூலை 31 அன்று நான் பார்த்தேன்' என்று வானாய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதிய கையோடு அதை நாலாகக் கிழித்துப்போட்டார். சாயங்காலம் துலுக்காணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த இடத்துல பாத்தே? சரியா சொல்லு."

"கீழேருந்து தோப்பு மறைக்கும் சார். மேல ஏறுனாத்தான் சொல்ல முடியும்."

ஆதிகேசவன் ஜன்மத்தில் கைகாட்டிக் கம்பம் ஏறியதில்லை. பாதி ஏணியிலேயே நின்று கம்பத்தைக் கட்டிக்கொண்டார். "கீழ பாக்காதீங்க சார், கைய வுடாதீங்க" என்று துலுக்காணம் பின்னாலேயே ஏறினார். உச்சியில் நின்றதும் தோப்புக்கு அப்பால் பழவேற்காடு ஏரி விரிந்து கிடந்தது.

"அந்த ரெட்டப் பன தெரியுதா? அதுக்கு எடதுகைப் பக்கம், ஒரு சாண் மேல."

ஆதிகேசவன் திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொண்டார். நேரம் பதிவேட்டில் நிமிஷக் கணக்கில் இருந்தது. ஆனால் பக்கத்திலேயே மாடும் இருந்தது. மாட்டை விரட்ட யாரும் கம்பத்தில் ஏறுவதில்லை.

மூன்று நாள் அவர் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தார். அஞ்சம்மாள் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். நாலாம் நாள் துலுக்காணத்திடமே மனசைத் திறந்தார்.

"உன் பேரைப் போட்டு எழுதினா, நீ எதுக்குக் கம்பம் ஏறினேன்னு கேப்பாங்க. நான் பொய் எழுதினது வெளிய வந்துடும்யா."

"அப்ப வாணாம் சார். எம்பேரு வந்து இன்னா ஆவப் போவுது? ஒங்க வேலைக்கி எதுனா ஆச்சின்னா பேஜாரு."

அதைக் கேட்டு ஆதிகேசவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. துலுக்காணம் போகிறவர் நின்று திரும்பினார்.

"ஆனா, மாடுன்னு எழுதினீங்களே, அது எனக்குப் புடிக்கல சார். அந்தக் காத்துல ரெண்டு தபா குச்சி அணஞ்சிபோச்சி. மூணாவது தபா வெரலச் சுட்டுக்கினேன். ஏறுனது நானு."

அன்றைக்கே ஆதிகேசவன் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று வானாய்வகத்துக்கு. இன்னொன்று ரயில்வே மேலதிகாரிக்கு: விளக்கு அணைந்திருந்தது, தான் கவனிக்கவில்லை, மாடு எதுவும் வரவில்லை. இரண்டையும் தபாலில் போட்டுவிட்டு வந்தார். அதன்பிறகு தபால் பை வந்தபோதெல்லாம் அவரே முதலில் போய் நின்றார்.

மேலிடத்துப் பதில்தான் முதலில் வந்தது. ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. கடம்பத்தூர்ப் பக்கம் மாற்றல். அஞ்சம்மாள் இரண்டு நாள் அடுப்படியில் சட்டியைப் போட்டு உருட்டினாள். மூன்றாம் நாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

வானாய்வகத்துக் கடிதம் அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தது. இங்கிலீஷில் இருந்த அதை ஆதிகேசவன் துலுக்காணத்துக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். சேதி தாமதமாக வந்ததால் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகப் பேர் சேர்க்க வழியில்லை. ஆனால் அனுப்பிய திசையும் நேரமும் வால்வெள்ளியின் பாதையோடு பொருந்துகின்றன. பார்த்தவர் ஸ்ரீ துலுக்காணம் என்று குறித்துக்கொண்டோம்.

"ஸ்ரீன்னா போட்டுகீது?"

"ஸ்ரீன்னுதான் போட்டிருக்கு."

"இன்னொரு தபா படி சார்."

ஆதிகேசவன் படித்தார். துலுக்காணம் கடிதத்தை வாங்கி, எண்ணெய் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். டூட்டி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவன் எவனாவது இருந்தால் எல்லோருக்கும் கேட்கப் படிக்கச் சொல்லலாம் என்று நேரே டீக்கடைக்குப் போனார்.