எண்ணெய் குடிக்கும் கைப்பிடி

கத்திக்குப் பிடி போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை தேய்த்தால் மரம் போதும் என்று சொல்லிவிடும். மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஐனியின் மேசையில் இருந்த பிடியோ தடவத் தடவ உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதற்குள் பாதிப் புட்டி காலி.

"அண்ணி, இது நல்லதுக்கில்ல," என்றான் தனேலி. அவள் கணவனின் தம்பி. இரும்பு வேலை அவனுடையது, மர வேலை அவளுடையது. "பேசாம மெழுகைத் தேச்சு மூடிடுங்க."

"மெழுகு போட்டா ஈரக் கையில வழுக்கும்டா. மீன் அறுக்கிறவ நான்."

"வழுக்கட்டும். உள்ள இருக்கிறது உள்ளயே கிடக்கும்ல?"

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. பின்லாந்தின் இந்த ஏரிப் பக்கத்தில், சவப்பெட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, அதில் சிலுவை வெட்டுவோம். செத்தவர் வீட்டு நினைப்பில் திரும்பி வந்தால், அந்தச் சிலுவையைப் பார்த்ததும் தான் செத்துப்போனது ஞாபகம் வந்து கல்லறைக்கே போய்விடுவார். குடும்பத்துக்கு ஒரு மரம். அதை வெட்டவும் மாட்டோம், விழுந்தால் விறகாக்கவும் மாட்டோம்; அந்த மரத்துண்டோடு செத்தவரும் வீட்டுக்குள் வந்துவிடுவார்.

ஐனி வீட்டு பிர்ச் மரம் ஜூன் மாதப் புயலில் சாய்ந்தது. புயல் ஓய்ந்ததும் அவள் ரம்பத்தோடு போய், கணவன் வில்யோவின் சிலுவைக்குப் பக்கத்தில் புடைத்திருந்த முடிச்சை அறுத்து வந்துவிட்டாள். இந்தப் பிடி அதில் செதுக்கியதுதான். குளிர்காலத்தில் பனி உடைந்து ஏரிக்குள் போனவன் வில்யோ. அவன் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஊர் என்ன சொன்னால் என்ன?

"உங்கண்ணன் பீரையும் இப்படித்தான்டா குடிப்பாரு," என்று சிரித்தபடி மறுபடி ஊற்றினாள். பிடி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே நாடி ஓடுவது போலவும் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

தனேலிக்கு மனசு கேட்கவில்லை. விழுந்த மரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். "என் சார்பா மன்னிப்புக் கேட்டுட்டு வா," என்று கிண்டல் செய்து அனுப்பினாள். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, பாசியைச் சுரண்டிப் பாத்தேன். அண்ணன் சிலுவை கீறல்கூட இல்லாம அப்படியே இருக்கு. காணாம போனது வேற சிலுவை, நீங்க அறுத்த முடிச்சு அது மேல வளர்ந்தது. வெட்டுக்காயம் ஆறி, மூடிப் புடைச்சிருக்கு."

"யாரோடது?"

"அப்பாவோடது."

மாமனார். அந்த மனிதர் இருந்தவரை ஐனி அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பின்னால் நின்று, கேட்கக் கேட்க பீர் ஊற்ற வேண்டும். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தாள்.

ஓடிப்போய் அடுப்பில் தேன்மெழுகை உருக்கினாள். மேசைக்கு வந்து உட்கார்ந்து, விரல் சுடச் சுட அள்ளித் தேய்த்தாள். மெழுகு ஒட்டவில்லை. எண்ணெய் காய்ந்த பிறகுதான் மரம் மெழுகை ஏற்கும், காய வாரக்கணக்காகும். கத்தி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்கிற பாடம்தான் இது. தேய்த்த மெழுகு திட்டுத் திட்டாகக் கழன்று மேசையில் விழுந்தது.

"அடுப்புல போடுங்க அண்ணி!"

போடத்தான் நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை.

நல்ல நடுப்பகல். ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மருமகளே, பாதியில நிறுத்திட்ட?"

தனேலியைப் பார்த்தாள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஐனி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். நின்றபடியே புட்டியை எடுத்துச் சாய்த்தாள்.