பக்கத்து நாற்காலி

2024 ஜூலை 3ஆம் தேதி, பேராவூரணிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு, ஏர்பஸ் விமானத்தின் காக்பிட் முழு அளவுப் படமாகக் கூரியரில் வந்தது.

இசைவாணி அதை உள்ளறைச் சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் அவள். விமானி உரிமம் கையில் இருந்தது. வேலைதான் இல்லை. ஒரு விமான நிறுவனம் ஆகஸ்ட் கடைசியில் தரையிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் தேர்வு வைக்க ஹைதராபாத்துக்கு வரச் சொல்லியிருந்தது. தேறினால் துணை விமானி.

அது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் கேட்க, மற்றவர் கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். கூடப் படித்தவர்கள் டெல்லியில் அறை எடுத்து ஜோடி ஜோடியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அப்பா கொப்பரை லோடோடு காங்கேயம் போனால் அம்மா தனி என்பதால் இவள் ஊருக்கு வந்துவிட்டாள். மதிவாணன் என்ற நண்பன் மட்டும் வீடியோ காலில் கேப்டனாக இருந்தான். வேறு நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்ததும் அதுவும் நின்றது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்து இசைவாணி தன் அம்மா பொன்னுத்தாயை இழுத்து வந்து கேப்டன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“நான் எதைத் தொட்டுக் கேட்டாலும், அது சரியான்னு பாத்துட்டு ‘செக்’னு சொல்லணும்மா.”

“செக்கு.”

“இன்னும் தொடவே இல்லம்மா!”

“நீ சரியாத்தான் தொடுவ. எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்கு ரெண்டு பேர உக்கார வைக்கிறான்?”

“பேச்சுத் துணைக்கா இருக்கும்.”

பம்புசெட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது. அம்மா எழுந்து போனாள்.

அதன்பிறகு இசைவாணி இரண்டு பேராகவும் ஆனாள். தன் குரலில் கேட்டாள். கொஞ்சம் கனத்த குரலில் கேப்டனாகப் பதில் சொன்னாள். ஒருநாள் அடுத்த வீட்டுச் செந்தாமரை வேலியோரம் நின்று, “என்னக்கா, ஒங்க பொண்ணு சுவத்தோட பேசுது?” என்றாள்.

“பேசட்டும். சுவரு எதுத்துப் பேசாதுல்ல?”

உள்ளே இசைவாணிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால், பக்கத்து நாற்காலி காலி.

கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் வரும் அளவுக்கு வேகம் கூடியது. அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

ஹைதராபாத்தில் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து தேர்வு நடத்திய ஜெயபால் நாகப்பட்டினத்துக்காரர். விமானம் தரையை விட்டு எழுந்ததும் இடது இன்ஜினில் தீ. ஓட்டுவது அவர் வேலை. இடது இன்ஜினின் சுவிட்சைத் தொட்டு, இதுதானா என்று கேட்டு, அவர் பார்த்து ஆமாம் என்ற பிறகு அதை அணைப்பது இவள் வேலை. தவறிப்போய் நல்ல இன்ஜினை அணைத்துவிடாமல் இருக்கத்தான் அந்த விதி.

இசைவாணி தொட்டாள். கேட்டாள். கனத்த குரலில் தானே பதில் சொல்லி, அணைத்தாள்.

ஜெயபால் சிமுலேட்டரை நிறுத்தச் சொன்னார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழுக்கு மாறினார்.

“சரியான இன்ஜினத்தான் அணைச்சீங்க. ‘ஆமா’ன்னு சொன்னது யாரு?”



“நான்தான், சார்.”

“அப்ப நான் எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கேன்?”

அன்று வந்தவர்களில் நான்கு பேரை எடுத்தார்கள். இசைவாணியை எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்றார்கள்.