சக்கரம் மட்டும் தரையில்

மறுபடியும் சரிவு. பதினெட்டு நாளாக நான் சமதரையில் படுக்கவில்லை.

இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அக்டோபர் மாதம் என்பதால் குளிக்க வருகிறவர்களுக்கான கடைகளை எல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கடலைப் பார்த்து இறங்கும் வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் வீட்டு வண்டியை, எங்கள் கேம்பரை, என் கணவன் ஃபவுஸ்தோ கொண்டுபோய் நிறுத்தினான். மூக்கு கடலுக்கு, முதுகு மலைக்கு. உள்ளே தக்காளிக் குழம்பு கொதிக்கும்போது எண்ணெய் முழுக்கச் சட்டியின் ஒரு ஓரமாகப் போய் ஒதுங்கியது.

சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்தால் வண்டி மட்டமாகிவிடும். மஞ்சள் நிறத்தில் இரண்டு ஆப்பு வண்டியிலேயே இருக்கிறது. ஃபவுஸ்தோ எடுக்க விடமாட்டான். பொது இடத்தில் சக்கரம் மட்டும் தரையைத் தொட்டால் அது நிறுத்தம். ஆப்பு, மேசை, நாற்காலி, பந்தல் என்று வேறு எது தொட்டாலும் அது முகாம். முகாம் போட்டால் அபராதம். கேம்பர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் மற்றவர்கள் நாலு நாள் சரிவில் தூங்கிவிட்டு, அலுத்துப்போய், முகாமுக்கென்று இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள். இவன் போகமாட்டான். இருபது வருடமாக ஒரு அபராதம்கூட வாங்காதவன் என்று யாரைப் பார்த்தாலும் பீற்றிக்கொள்வான்.

இது விடுமுறை என்றால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இது ஒத்திகை. வடக்கே கிரெமோனாவில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றுவிட்டு, வருடம் முழுக்க இந்த வண்டியிலேயே இருந்துவிடலாம் என்பது அவன் திட்டம். வாங்குவதற்கு ஏஜென்ட் ஆள் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அன்று வியாழக்கிழமை.

முடியாது என்று கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும். “சுத்திப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று மழுப்பிவிட்டேன். வழியில் மார்க்கே வட்டாரம் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன், அங்கே விடாத மழை. மொலிசேயில் சொல்லலாம் என்று நினைத்தேன், அங்கே அவன் பாடிக்கொண்டு வண்டி ஓட்டினான். எதிரே வந்த ஒவ்வொரு கேம்பருக்கும் கை ஆட்டினான், அவர்களும் ஆட்டினார்கள். அறுபத்தொன்பது வயது மனுஷன் இப்படிச் சந்தோஷப்படும்போது எந்த வாயால் சொல்வது? எனக்கோ ராத்திரி தூக்கத்தில் கையை நீட்டினால் விளக்குச் சுவிட்ச் தட்டுப்பட வேண்டும். கழிவறைப் பெட்டியை வாரத்துக்கு மூன்று தடவை கழுவாத வாழ்க்கை வேண்டும். சலித்துவிட்டது. எலும்பு வரைக்கும் சலித்துவிட்டது.

“ஓர்னெல்லா, உப்பு எங்க?” என்றான் சாப்பிட உட்கார்ந்ததும்.

“உருண்டு போச்சு. கடல் பக்கமாத் தேடு.”

குனிந்து எடுத்தான். “நாளைக்கு அந்த ஏஜென்டுக்குப் போன் பண்ணணும்.”

“ம்.”

“ம்னா என்ன அர்த்தம்?”

“சாப்பிடுன்னு அர்த்தம். ஆறிடும்.”

“வெளிய பாரு, எப்பேர்ப்பட்ட கடல். நம்ம சமையக்கட்டு ஜன்னல்ல என்ன தெரியும்? எதிர்வீட்டு பெர்த்தோலியோட உள்பனியன்.”

“அது தினமும் ஒரே இடத்துலதான் காயும். எனக்கு அது போதும்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தட்டுக் கழுவத் திரும்பினேன். “டேங்க்ல தண்ணி அடியில கெடக்கு, ஒரு டம்ளர்ல முடிச்சுடு” என்றான். ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு தட்டு, ஒரு எண்ணெய்ச் சட்டி. ஸ்பாஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டு இறங்கினேன். பின்பக்கப் பெட்டியைத் திறந்து மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து, சரளைக்கல்லில் நாலு காலும் அழுந்தும்படி போட்டு உட்கார்ந்தேன். முதுகு நேரானது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“என்ன பண்ற நீ? அதை உள்ள வை!” ஃபவுஸ்தோ கதவிலிருந்து கத்தினான்.

“உள்ள உக்காந்தா வழுக்கிக்கிட்டே இருக்கேன்.”

“யாராவது பாத்தா?”

“பாக்கட்டும். லட்சணமாத்தான இருக்கேன்.”

பார்க்க ஆள் வந்தே விட்டார். நகராட்சிக் காவலர், ஐம்பது வயசு, தொப்பை, நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. காரை நிறுத்தி இறங்கி வண்டியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நிறுத்தமா, முகாமா?”

“நிறுத்தம்தான் சார்” என்று ஃபவுஸ்தோ ஓடி வந்தான். “சக்கரம் மட்டும்தான் தரையில இருக்கு.”

“அப்ப இந்த நாலு காலு யாரோடது?”

“அது… வீட்டுக்காரி கொஞ்சம் களைச்சுப்போயிட்டா.”

“எனக்கும்தான் களைப்பு. நான் ரோட்டுல நாற்காலி போட்டா உக்காந்திருக்கேன்?” என்றவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “சிஞ்ஞோரா, நீங்க எந்திரிச்சு அதை மடக்கிட்டீங்கன்னா நான் ஒண்ணையும் பாக்கல.”

நல்ல மனுஷர்தான். ஆனால் எழுந்தால் மறுபடியும் அந்தச் சரிவுக்குள் போக வேண்டும். நாளைக்குக் கையெழுத்தும் போட்டுவிடுவேன் என்று தெரிந்தது.

“எந்திரிக்க மாட்டேன்” என்றேன்.

“ஓர்னெல்லா!”

காவலர் பெருமூச்சு விட்டுவிட்டு அபராதப் புத்தகத்தை எடுத்தார். பெயர் கேட்டார், வண்டி எண்ணைப் பார்த்து எழுதினார். “குடியிருக்கற முகவரி?”

“கிரெமோனா” என்றான் ஃபவுஸ்தோ. அந்த நேரத்திலும் பெருமை விடவில்லை, வண்டிக் கதவைத் தட்டிக் காட்டினான். “அடுத்த மாசத்துலேருந்து இதுதான் சார் வீடு.”

“இல்ல” என்றேன். “அடுத்த மாசமும் கிரெமோனாதான். அதுக்கு அடுத்த மாசமும் அதுதான். நான் எதுலயும் கையெழுத்துப் போடப் போறதில்ல. எழுதிக்குங்க: மூணாவது மாடி, வலது பக்கக் கதவு.”

“மாடியெல்லாம் இதுல கேக்கலம்மா” என்றார் காவலர். சீட்டைக் கிழித்து ஃபவுஸ்தோ கையில் திணித்துவிட்டு, அடுத்தவர் வீட்டுச் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி விறுவிறுவென்று காருக்குப் போனார்.

இனி கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் வண்டிப் படியில் உட்கார்ந்தான். சீட்டைப் படிக்கக்கூட இல்லை.

“பதினெட்டு நாளா ஏன் சொல்லல?”

“நீ சந்தோஷமா இருந்த.”

“நல்லாச் சொன்ன போ.” இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். “மூணாவது மாடி, வலது பக்கக் கதவு. ஐம்பத்திநாலு படி, ஓர்னெல்லா. லிஃப்ட் இல்ல. மார்ச் மாசத்துலேருந்து நான் ரெண்டாவது மாடியில நின்னு போன் பாக்கற மாதிரி நடிச்சிட்டிருக்கேன். காரைப் பூட்டினேனான்னு பாத்துட்டு வரேன்னு உன்னை முன்னால அனுப்பறதும் அதுக்குத்தான். இந்த வண்டிக்கு ரெண்டே படி.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். “முட்டாள்! முட்டி வலிக்குதுன்னு சொன்னா நாக்கு அறுந்தா போயிடும்?”

“சொன்னா மறுநாளே வீட்டை வித்திருப்ப. எனக்காக. அப்புறம் சாகற வரைக்கும் அந்த ஜன்னலை நெனச்சு அழுவ. ஊர் சுத்த எனக்கு ஆசைன்னு சொன்னா, போகப் போக உனக்கும் பிடிச்சுடும்னு நெனச்சேன்.”

கடல் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. ரெண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் நிற்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எப்பப் பாரு போனா என்று மேலேயிருந்து திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“நாளைக்கு அந்த ஏஜென்டுக்கு நானே பேசறேன்” என்றேன்.

“என்னன்னு?”

“வித்துடுங்கன்னு. அப்படியே தரைத்தளத்துல ஒரு வீடு பாக்கச் சொல்றேன். கிரெமோனாவுலயே. சக்கரம் இல்லாத வீடு.”

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடம் குடியிருந்த வீடு. பதினெட்டு நாளாக வாயைத் திறக்காமல் காப்பாற்றி வைத்திருந்ததை, ஒரே மூச்சில் நானே விற்றுவிட்டேன்.